ஓடைப் பாதையின் ஓரச்சுவர்

யானைக்குட்டி செத்துப்போனது. சரணாலயத்து ஓடைக்குப் போகும் சிமெண்ட் பாதையின் ஓரச்சுவரைத் தாண்டப் பார்த்துச் சரிவில் உருண்டது. இடுப்பளவுச் சுவர். பெரிய யானைகள் தாண்டிவிட்டன.

பாதை போட்டவன் திருமேனி. சடையாண்டி சாமியின் சீடன். தலை நரைத்த பிறகு மடத்துக்கு வந்தவன். நடக்க முடியாதவர்களும் காட்டைப் பார்க்கட்டும் என்று அலையாய் அலைந்து அனுமதி வாங்கினான். பாதை யானைத்தடத்தின் குறுக்கே போனது. சக்கர வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று சுவர் வைத்தான்.

தாய் யானை சரிவிலேயே நின்றது. அது போன பிறகுதான் குட்டியைப் புதைக்க முடிந்தது.

“சாமி, பாதையையே உடைச்சுப் போட்டுடறேன்.”

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“உடை.”

கடப்பாரையோடு போனான். பாதை நடுவில் மூன்று சக்கர வண்டியில் ஒரு பெண். கால்கள் சூம்பியிருந்தன.

“நகரும்மா. பாதையை உடைக்கணும்.”

“அப்புறம் நான் எப்படி வர்றது? பறந்தா?”

திரும்பி ஓடினான்.

“சாமி, ஒரு பொம்பளை மறிக்குது. பாவமா இருக்கு.”

“அப்ப உடைக்காதே.”

“குட்டி செத்துச்சே!”

“அப்ப உடை.”

“விளையாடறீங்களா சாமி?”

“சுவர் வைக்கிறப்ப யாரைக் கேட்டே?”

“ரேஞ்சரைக் கேட்டேன். உங்களைக் கேட்டேன்.”

சாமி எழுந்து நின்றார். தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தார். மறுபடி உட்கார்ந்து கீரையை எடுத்தார்.

திருமேனியும் தன் கால்களைப் பார்த்தான்.

கீழே போய், அவள் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். சுவர் தெரிந்தது. காடு தெரியவில்லை.

“இதையா இத்தனை நாள் பார்த்துட்டுப் போனே?”

“வேற எதைக் காட்டினீங்க? தண்ணிச் சத்தம் கேட்கும். அதுக்குத்தான் வருவேன்.”

“சுவர் இல்லேன்னா வண்டி உருண்டுடுமே.”

“ஒரு சாண் இருந்தா சக்கரம் முட்டி நிக்கும். குட்டியும் தாண்டியிருக்கும். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே அண்ணே.”

அவன் அழுதான். அவள் தேற்றவில்லை.

ஒரு சாண் விட்டு மிச்சத்தை இடித்தான்.

மழைக்கு முன்னால் யானைகள் வந்தன. குட்டிகள் தாண்டின. ஒரு யானை மட்டும் சரிவில் இறங்கிப் போய் நின்றது. அவள் தூரத்திலேயே வண்டியை நிறுத்திவிட்டாள். அது கிளம்பும்வரை அசையவில்லை.

மடத்தில் சாமி கேட்டார்.

“யார் யோசனை?”

“அந்தக் கால் சூம்பின பொம்பளை, சாமி.”

“பேரில்லையா அவளுக்கு?”

திருமேனி மறுபடி மலையிறங்கினான். கேட்டுக்கொண்டு வந்து நின்றான்.

“அஞ்சுகம்.”