பன்றி மூக்கில் ஊசித்தட்டான்

மலைக்காட்டுக் குட்டை ஒன்றில் கோரைப்புல் அடர்ந்திருந்தது. செவ்வால் ஊசித்தட்டான்களுக்கு முட்டையிட அந்தக் கோரையை விட்டால் வேறு இடமே கிடையாது.

அந்தக் காட்டுக்கு யானை தலைவர். எந்த இனம் நலமாக இருக்கிறது, எது அருகிவருகிறது, எது அற்றுப்போனது என்று ஆண்டுதோறும் அறிவிக்கும். அருகிவரும் உயிர்களின் இடத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஊசித்தட்டான்கள் அருகிவந்ததால் குட்டைக்குக் காவல் இருந்தது. காட்டுப்பன்றிக்கோ அந்தச் சேற்றின்மேல் தீராத ஆசை!

அந்த ஆண்டு யானைக்காக மீன்கொத்தி பார்வையிட வந்தது. மேகமூட்டமான நாள். ஊசித்தட்டான்கள் இலைகளுக்கு அடியில் ஒடுங்கியிருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் கோரைத்தண்டைப் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கியது.

"ஐயோ, மூழ்கிவிட்டதே!" என்றது மீன்கொத்தி. பசி நேரம். நிற்காமல் பறந்துவிட்டது.

"தலைவரே, கடைசி ஊசித்தட்டானும் போய்ச் சேர்ந்தது! என் கண்ணாலேயே பார்த்தேன்!" என்று யானையிடம் போய்ச் சொன்னது.

யானையும் "அற்றுப்போயிற்று" என்று அறிவித்துவிட்டது. அவ்வளவு பெரிய காது இருந்து என்ன பயன்? கேட்டதை விசாரிக்க வேண்டாமா?

பன்றி குட்டைக்கு ஓட்டமாக ஓடியது. அப்போதுதான் முட்டைகளைத் தண்டுக்குள் வைத்துவிட்டு ஊசித்தட்டான் மேலே ஏறி வந்தது.

"நில்! உள்ளே என் பிள்ளைகள் இருக்கிறார்கள்!"

"நீ செத்துவிட்டாய்! அறிவிப்பே வந்தாயிற்று. செத்தவளுக்கு என்ன பேச்சு? வழியை விடு!"

"நான் இருப்பது எனக்குத் தெரியாதா? விடமாட்டேன்!"

சிறகின் ஈரம்கூடக் காயவில்லை. பறந்து போய்ப் பன்றியின் மூக்கு நுனியில் உட்கார்ந்தது. பன்றி தலையை உதறியது. ஊசித்தட்டான் மறுபடி வந்து உட்கார்ந்தது. பன்றி மூக்கைத் தரையில் தேய்த்தது. அது கண்ணுக்கு நேரே வந்து நின்றது!

அந்த நேரம் யானை தண்ணீர் குடிக்க வந்தது. பின்னாலேயே மீன்கொத்தியும் வந்தது.

"தலைவரே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்! இந்த ஊசித்தட்டான் என்னைக் குட்டையில் இறங்க விடமாட்டேன் என்கிறது!" என்று கத்தியது பன்றி.

"எந்த ஊசித்தட்டான்?" என்று கேட்டது யானை.

பன்றி சட்டென்று வாயை மூடிக்கொண்டது. ஊசித்தட்டான் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிட்டதே!

"அது மூழ்கியதை நான் பார்த்தேனே!" என்று முனகியது மீன்கொத்தி.

"நான் இறங்கியதைப் பார்த்தாய். ஏறி வரும்வரை நின்றாயா?" என்று கேட்டது ஊசித்தட்டான்.

யானை வெட்கத்தோடு தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பன்றி வேறு சேறு தேடிப் போனது. ஊசித்தட்டான் கோரை நுனியில் அமர்ந்து சிறகை உலர்த்தியது.

சரியாகப் பார்க்காதவர்கள் நம்மை "இல்லை" என்று சொன்னால், ஒதுங்கிப் போகாமல் மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்தாவது "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.