சாக்பீஸ் வட்டம்

முன்னொரு காலத்தில் ஆனைமறிக் கணவாயில் அக்காள் தங்கையாக இரண்டு டீசல் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மலை ஏறுவது மூச்சு வாங்கும் வேலை. இறங்குவதுதான் உயிரைக் கையில் பிடிக்கும் வேலை. சரக்கு மொத்தமும் பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். வளைவுக்கு வளைவு ஒருமுறை ஹாரன் அடித்துக்கொண்டு இறங்குவார்கள்.

அவர்களுடைய ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. விரிசல் கண்ட இடத்தைச் சுற்றி ஃபிட்டர் சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவார். போட்டவரே வந்து அழிக்கும்வரை அந்த எஞ்சின் மலையிறங்கக் கூடாது. அந்த வாரம் இருவருடைய பிரேக் தண்டிலும் வட்டம் விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, ரயில்வே காலண்டர் படத்துக்காக இருவருக்கும் புதுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஃபிட்டர் லீவு. வெளியூர் பெயிண்டர்களுக்கு வட்டத்தின் கதை என்ன தெரியும்? அழுக்கென்று துடைத்துவிட்டு, நீலமும் மஞ்சளுமாகப் பூசித் தள்ளினார்கள்.

உச்சி ஸ்டேஷனில் இருவரும் சரக்கோடு நின்றபோது பெரியவள் மெதுவாகக் கேட்டாள்.

“சின்னவளே, என் வட்டம் தெரியுதா? பயமா இருக்குடி. தெரிஞ்சா சொல்லு, நான் கிளம்ப மாட்டேன்.”

அக்காள் நின்றுவிட்டால் தன்னையும் நிறுத்திச் சோதிப்பார்கள், பிறகு படமாவது ஒன்றாவது. அது சின்னவளுக்குத் தெரியும்.

“வட்டமா? பொண்ணு பார்க்க வந்தவங்க முன்னால நிக்கிற மாதிரி ஜொலிக்கிறே. போ அக்கா.”

பெரியவள் இறங்கினாள். போட்டோகிராபர் டெரன்ஸ் படம் எடுத்தார். வளைவில் ஒரு ஹாரன் கேட்டது. அடுத்த வளைவில் இன்னொன்று.

அடுத்தது சின்னவளின் முறை. “அண்ணாச்சி, கொஞ்சம் முன்னால. நிறுத்துங்க. வெயில் விழல, திரும்பப் பின்னால” என்றார் டெரன்ஸ். டிரைவர் எசக்கியப்பன் சலிக்காமல் ஓட்டினார். ஒவ்வொரு தடவை பிரேக் பிடித்தபோதும் சின்னவளுக்குள் நறுக்கென்று ஏதோ விட்டது. அவள் கெஞ்ச ஆரம்பித்தாள்.

“பெயிண்டே, கொஞ்சம் விலகேன். உள்ளே இருக்கிறதை யாராவது பார்க்கட்டும்.”

“நாலு பூச்சுப் பூசியிருக்கேன், ஒரு மயிரிழைக்காக மானத்தை விடவா?” என்றது பெயிண்ட். “பல்லைக் கடிச்சுக்கிட்டு நில்லு.”

“கேமராவே, நீயாவது சொல்லேன்!”

“என்னைத் திருப்பின பக்கம்தான் நான் பார்ப்பேன்” என்றது கேமரா.

நாலாவது தடவை விரிசல் பெரிதாகிவிட்டது. பிளந்த இரும்பின் மேல் எந்தப் பூச்சும் நிற்காது. பெயிண்டும் கூடவே பிளந்தது. “ஐயோ, நானும் போனேனே!” என்று அலறியது.

டெரன்ஸ் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து முகம் சுளித்தார். “அண்ணாச்சி, சக்கரத்துக்கிட்ட பெயிண்ட்ல ஒரு கோடு விழுந்திருக்கு. டப்பால மிச்சம் கெடக்கு, ஒரு இழுப்பு இழுத்துட்டா சரியாப் போயிரும்.”

நீலம் சொட்டும் பிரஷ் கிட்டே வந்தது. இன்னொரு இழுப்பு விழுந்தால் தன்னைக் காப்பாற்ற யாருமில்லை என்று சின்னவள் விறைத்து நின்றாள்.

“பொறுங்க தம்பி” என்று எசக்கியப்பன் இறங்கி வந்து குனிந்தார். கோட்டில் நகத்தை வைத்தார். நகம் உள்ளே போனது.

“இது பெயிண்ட் இல்ல தம்பி. இரும்பு.”

அவரிடம் சாக்பீஸ் இல்லை. வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, விரலில் சுண்ணாம்பை வழித்து, புது நீலத்தின் மேல் சுற்ற ஆரம்பித்தார். “அய்யய்யோ, படம் கெட்டுச்சே!” என்று டெரன்ஸ் தலையில் கைவைத்தார். சின்னவளுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. அவள் எவ்வளவு சந்தோஷப்பட்டாள்!

வட்டம் முடிய ஒரு விரல் இடம் இருக்கையில் எசக்கியப்பனின் கை நின்றது.

“தம்பி, முன்னால போனவளுக்கும் இதே ஆளுங்கதானே பெயிண்ட் அடிச்சாங்க?”

டெரன்ஸ் பதில் சொல்வதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து பெரியவளின் ஹாரன் கேட்டது. வளைவுக்கு ஒருமுறை அடித்து நிறுத்துகிற ஹாரன் இல்லை. அது நிற்கவே இல்லை.