உப்புக்கிடங்குச் சந்திப்பில் அவசர நிலை

அன்று காலை மணி எட்டு இருபது. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. ஆடிக்காற்று தெருப்புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. உப்புக்கிடங்குச் சந்திப்பின் சிக்னல் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கம்பத்துக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பக்கத்திலிருக்கும் எண் பலகை தொண்ணூறிலிருந்து இறங்கி வரும். பூஜ்யத்தைத் தொட்டதும் சிவப்பு அணைந்து பச்சைக்கு வழிவிட வேண்டும். பச்சையின் காலம் முடிந்தால், மஞ்சள் எச்சரித்துவிட்டுச் சிவப்பை அழைக்கும். இதற்காக யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் சில நாள்களாகச் சிவப்பைக் கண்டாலே வண்டிகள் ஹாரன் அடித்தன. "இது எப்பத்தான் தொலையுமோ!" என்று கோயில் அன்னதானச் சாப்பாடு ஏற்றி வந்த வேன் அன்று உரக்கவே சொன்னது. சிவப்புக்கு அது கேட்டுவிட்டது. ஒருமுறை அணைந்தால் மறுபடி எரியவே விடமாட்டார்கள் என்று அது அஞ்சியது.

எண் பலகை மூன்றைக் காட்டியபோது, "நிறுத்து. அடுத்துத் தொண்ணூறு போடு" என்றது சிவப்பு.

"ஐயா, மூன்றுக்குப் பிறகு இரண்டு என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்."

"காற்றைப் பார்த்தாயா? அசாதாரண வானிலை. இரண்டு வராது என்றா சொன்னேன்? சற்றுத் தாமதமாக வரும்."

பலகை தொண்ணூறு போட்டது. அடுத்த முறையும் அப்படியே.

"இது என் முறை" என்றது பச்சை.

"உன் முறையைப் பாதுகாக்கத்தானே நான் கண் மூடாமல் எரிகிறேன்!" என்றது சிவப்பு.

பச்சை மஞ்சளைப் பார்த்தது. "எச்சரிப்பது உன் வேலையல்லவா? ஏதாவது சொல்லேன்."

"என் நேரம் வரட்டும். கட்டாயம் சொல்கிறேன்" என்றது மஞ்சள்.

கீழே வேன் தவித்தது. "அண்ணே, பந்திக்கு இலை போட்டாச்சாம். சாம்பார் ஆறுது."

முன்னால் நின்ற டவுன் பஸ் திரும்பாமலே சொன்னது: "பொறு தம்பி. நம்பர் குறையுது பாரு. எல்லாம் சட்டப்படிதான் நடக்குது."

"நாலாவது தடவையா குறையுதுண்ணே!"

"குறையுதா இல்லையா? அதைச் சொல்லு."

சிறிது நேரத்தில் பஸ்ஸைத் தவிர எல்லா வண்டிகளும் சேர்ந்து ஹாரன் அடித்தன. கம்பமே அதிர்ந்தது. உடனே சிவப்பு, சாலையோரம் கிடந்த சக்கரம் வைத்த இரும்புத் தடுப்பை அழைத்தது.

"தளபதியாரே, அமைதி திரும்பும்வரை நடுவில் வந்து நில்லுங்கள்."

தடுப்பு கிறீச்சிட்டபடி உருண்டு வந்து, சாலையை அடைத்து நின்றது. அதன் மார்பில் ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் இருந்தது. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை. ஹாரன்கள் அடங்கின.

"மிக்க நன்றி. இனி நீங்கள் ஓரமாகப் போகலாம்" என்றது சிவப்பு.

"எதற்கு?"

"ஆட்சி என்னுடையதல்லவா?"

"வண்டிகள் இப்போது உன்னைப் பார்த்தா நிற்கின்றன? என்னைப் பார்த்து நிற்கின்றன. பிறகு உனக்கெதற்கு மின்சாரம்? அணை."

"சட்டப்படி நீங்கள் அப்படி…"

"சட்டத்தை நிறுத்திவைத்தது நீ. நான் அதைத் தொடவேயில்லை."

சிவப்பு அணைந்தது. தடுப்பு மேலே பார்த்து மஞ்சளிடம் பரிவோடு சொன்னது: "நீ மட்டும் மின்னிக்கொண்டிரு. உன்னால் யாருக்கும் தொந்தரவில்லை."

மறுநாள் காலை, டவுன் பஸ் எல்லாம் சட்டப்படிதான் என்று சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிப் போயிற்று. எண் பலகை, யாரும் கேட்காமலே, தொண்ணூறு காட்டியது. மஞ்சள் இடைவிடாமல் மின்னி எல்லோரையும் எச்சரித்தது. ஊசிப்போன சாம்பார் அண்டாக்களுடன் அங்கேயே நின்றிருந்த வேன், தடுப்பை நெருங்கி வந்து அதன் சக்கரங்களை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது.

இருண்டு கிடந்த சிவப்பு, கம்பத்தின் உச்சியிலிருந்து மெல்லக் குனிந்து கேட்டது: "நம் முறை எப்போது வரும்?"

"நம் முறையா?" என்றது பச்சை.