கேட்காதவரின் கடன்

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் செங்கோட்டுவேல் என்றொரு லாரிக்காரர் குடியிருந்தார். அவர் வீட்டில் எழுந்த வழக்கு இது. வழக்கை நான் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்ல வேண்டும்.

பல வருடம் பிறர் வண்டியை ஓட்டிச் சேர்த்த பணத்தில் பழைய லாரி ஒன்றைச் சொந்தமாக வாங்கினார் செங்கோட்டுவேல். கொஞ்ச காலம் நன்றாகவே ஓடியது. ஒரு மழைக்காலத்தில் சரக்கோடு வடக்கே போனபோது என்ஜின் உட்கார்ந்துவிட்டது. அதைச் சரிசெய்ய, பைனான்ஸ் நடத்தும் முத்துக்குமரேசனிடம் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கினார். என்ஜின் தயாரானது, டயர்களோ வழுக்கையாகிக் கிடந்தன. டயர் கடை சின்னராசுவும் அவரும் கிளீனராக இருந்த காலத்திலிருந்தே சிநேகிதர்கள். எல்லாச் சக்கரத்துக்கும் புது டயர் மாட்டிவிட்டு, "ஓட்டிச் சம்பாதிச்சுக் குடுங்க மாப்ள, போங்க" என்றார் சின்னராசு. துண்டுச் சீட்டுகூட எழுதி வாங்கவில்லை.

ஆனால் சரக்கு வாடகை குறைந்தது, டீசல் விலை ஏறியது. வட்டியே சரியாகக் கட்ட முடியவில்லை. இதைப் பற்றி அவர் வீட்டில் மூச்சு விடவில்லை. மனைவி பரிமளம் கேட்டால், "எல்லாம் ஓடுது" என்பார். பைனான்ஸிலிருந்து போன் வந்தால் அணைத்துவிடுவார். சின்னராசுவைப் பார்க்கக் கூசி, கடை இருக்கும் தெருவைத் தவிர்த்துச் சுற்றுவழியில் வீடு வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பைக்கில் பைனான்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து வாசலில் நின்றார்கள்.

"அண்ணன் உங்களை நேர்ல வரச் சொன்னாருங்க. பத்திரத்தை வெச்சுப் பணம் வாங்கிட்டுப் போனை எடுக்கலீன்னா என்னங்க பண்றது? வந்து பேசுங்க, அது போதும்னாரு."

இட்லித் தட்டோடு நின்ற பரிமளத்துக்கு, வீட்டுப் பத்திரம் வீட்டில் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவள் கத்துவாள் என்று செங்கோட்டுவேல் தலையைக் குனிந்துகொண்டார். அவளோ அடுப்பை அணைத்துவிட்டு, வேலைக்குப் போகும் மகள் தாரணியையும் கூப்பிட்டு உட்கார வைத்தாள்.

"எல்லாத்தையும் சொல்லீருங்க. மிச்சம் வெக்காமச் சொல்லுங்க."

சொன்னார். டயர் கடன் வரைக்கும் சொல்லி முடித்தார். முடித்ததும் அவருக்கே வியப்பாகப் பசித்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் ருசி தெரிந்து சாப்பிட்டார்.

லாரியை விற்றுவிடுவது, அவர் மறுபடி பிறர் வண்டியை ஓட்டுவது, பரிமளம் முட்டைப் பண்ணையில் வேலைக்குப் போவது என்று அன்றே முடிவானது. லாரிக்கு நல்ல விலை வந்தது. ஆனாலும் அந்தப் பணம் இரண்டு கடனில் ஒன்றை அடைக்கத்தான் போதும். வழக்கு இங்கேதான் ஆரம்பித்தது.

"பைனான்ஸுக்குத்தான் கட்டோணும்," என்றார் செங்கோட்டுவேல். "அங்க வட்டி ஏறிக்கிட்டே போகுது. வீடு போயிட்டா நாம எங்க போறது? சின்னராசு நம்ம ஆளு. கேக்கவே மாட்டான்."

"கேக்காதவருக்குத்தானுங்க முதல்ல குடுக்கோணும்," என்றாள் பரிமளம். "போன வாரம் அந்தப் பக்கம் போனேன். கடையில பாதி ஷட்டர்தான் திறந்திருக்குது. வேலையாள் ஒருத்தரையும் காணோம். அந்த மனுசனே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு டயர் தூக்கறாரு."

தாரணி இருவரையும் பார்த்தாள். "நாமளே எதுக்கு முடிவு பண்றோம்? உள்ளதைச் சொல்லி, அவசரமா வேணுமான்னு அவர்கிட்டயே கேட்டுருவோம். பொறுக்கிறேன்னு சொன்னாருன்னா பைனான்ஸுக்குக் கட்டலாம்."

"கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாரு கண்ணு. அப்படிப்பட்டவர்கிட்டக் கேக்கறது, குடுக்காம இருக்க வழி தேடற மாதிரி."

"சொல்லாமக் குடுத்து, நாளைக்கு நம்ம வீடு போச்சுன்னா? அந்தப் பணத்தை அவரு நிம்மதியா வெச்சுக்குவாராம்மா?"

செங்கோட்டுவேல் பணத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். முச்சந்திக்கு வந்தபோது கால் தானாக நின்றது. இடப்பக்கம் போனால் பைனான்ஸ் ஆபீஸ். வலப்பக்கம் போனால் டயர் கடை. மூன்று பேர் பேச்சும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மூன்றுமே நியாயமாகப் பட்டன.

கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இந்த மூவரில் யார் சொன்னது சரி? அவர் எந்தப் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்?

*

பரிமளம் சொன்னதே சரி. முத்துக்குமரேசன் கையில் பத்திரம் இருக்கிறது. அவரால் பொறுக்க முடியும். பொறுப்பதற்குத்தான் அவர் வட்டியும் வாங்குகிறார். வந்து பேசினால் போதும் என்று அவரே சொல்லியும் அனுப்பினார். சின்னராசுவிடம் இருப்பதோ சிநேகிதன் மேல் வைத்த நம்பிக்கை ஒன்றுதான். அதைக் காட்டி அவரால் ஒரு டயர்கூடக் கொள்முதல் செய்ய முடியாது. தாரணியின் பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தைத் தீர்க்க வேண்டிய இடம் பைனான்ஸ் ஆபீஸ், டயர் கடை அல்ல.

செங்கோட்டுவேல் வலப்பக்கம் திரும்பினார். பணத்தை வாங்கிக் கல்லாவில் வைத்தார் சின்னராசு. பிறகு, "எப்படி மாப்ள தெரிஞ்சுது?" என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து வெறுங்கையோடு பைனான்ஸுக்குப் போனார் செங்கோட்டுவேல். முத்துக்குமரேசன் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, டீ வரவழைத்து, மாதத் தவணை போட்டுக்கொடுத்தார். மூன்று பேர் சம்பளத்தில் அந்தக் கடனும் ஒருநாள் அடைந்தது. அந்த மாதம் குடும்பமாகக் கொல்லிமலைக்குப் பஸ் ஏறினார்கள். டிரைவரான பிறகு ஸ்டியரிங் பிடிக்காமல் மலையேறுவது செங்கோட்டுவேலுக்கு அதுவே முதல் தடவை. இரண்டாவது வளைவு வருவதற்குள் நன்றாகத் தூங்கிவிட்டார்.