நெய் தொடாத மன்னர்

அரசர்கள் பிறந்தநாளில் துலாபாரம் ஏறி, எடைக்கு எடை வெல்லம் தானம் செய்த முன்னொரு காலத்தில், ஒரு நாட்டை ஆண்ட மன்னர் பெரிய சோற்றுப் பிரியர். வைத்தியர் சொன்னாரென்று ஓராண்டாக நெய், எண்ணெய், இறைச்சி எதையும் அவர் தொடவில்லை. ஊர் முழுக்க அதுவே பேச்சு. ஆனால் இந்த ஆண்டு மன்னர் அமர்ந்த தட்டு மேலே எழும்பவே இல்லை. போன ஆண்டைவிட இரண்டு மூட்டை வெல்லம் கூடுதலாக வைத்த பிறகுதான் அசைந்தது.

மன்னரின் முகம் கறுத்தது. விகடகவி பூவணனைக் கவிழ்க்க நெடுநாளாகக் காத்திருந்த அமைச்சர் அரியநாயகம் மன்னரின் காதருகே குனிந்தார்.

"மடைப்பள்ளியில் களவாக நெய் கலக்கிறார்கள், பிரபு. சமையற்காரி பொன்னாத்தாள், பூவணன் சேர்த்துவிட்டவள்."

"என் உடம்பில் கொழுப்பைச் சேர்த்த கை எதுவோ, அதை நாளை வெட்டுங்கள்," என்றார் மன்னர்.

வேலைக்குச் சேர்த்துவிட்டவன் பூவணன், போகப்போவதோ பொன்னாத்தாள் கை. ஓடிப்போய் அவளிடம் கேட்டான்.

"சத்தியமா ஒரு சொட்டு நெய் விடலைங்க. வெறும் சோறும் வெல்லப் பாயசமும்தான். அதைத்தான் இன்னும் இன்னும்னு கேட்டு வாங்கிச் சாப்பிடுறாரு."

மறுநாள் அவன் ஓர் எருமையைச் சபைக்குள் ஓட்டி வந்தான். பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"மன்னா, இது தின்பது வைக்கோல், குடிப்பது கழுநீர். இதன் பாலைத் தயிராக்கிக் கடைந்து உருக்கினால் நெய் வருகிறது. வைக்கோலில் நெய் கலந்தது யார் என்று அமைச்சர் சொல்லட்டும்."

மன்னர் யோசித்தார்.

"அப்படியானால் சோறும் கொழுப்பாகுமா? என் பல்லக்குத் தூக்கிகளும் வயிறார உண்கிறார்களே, எலும்பும் தோலுமாக அல்லவா இருக்கிறார்கள்?"

"அவர்கள் உண்ட சோறு தங்களைச் சுமப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது, பிரபு. தங்கள் சோற்றுக்கு அப்படி ஒரு வேலையும் இல்லை. செலவானது போக மிஞ்சியது கொழுப்பாகித் தங்கிவிடுகிறது."

பிறகு வாளோடு நின்ற காவலனிடம் திரும்பினான்.

"தீர்ப்பை நிறைவேற்றப்பா. பொன்னாத்தாள் கை பாயசத்தை இலையில்தான் வைத்தது. இலையிலிருந்து எடுத்து உடம்பில் சேர்த்த கை எதுவென்று மட்டும் பார்த்துக்கொள்."

மன்னர் தம் வலக்கையை மெல்லப் பட்டாடைக்குள் இழுத்துக்கொண்டார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். பொன்னாத்தாளை விடுவித்து, தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவணனுக்குப் போட்டார்.

அன்று மாலை கோயிலுக்கு நடந்தே கிளம்பினார். பாதி வழியில் மூச்சு வாங்க நின்று, பின்னால் வெறும் பல்லக்கோடு வந்த தூக்கிகளிடம், "இத்தனை நாளும் இவ்வளவு கனத்தையா சுமந்தீர்கள்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லலாமா என்று கேட்பதுபோல் அவர்கள் உடன் நடந்து வந்த பூவணனைப் பார்த்தார்கள்.