நேரில் பார்த்த வீடு

நாகர்கோவிலில் ஒரு சொத்து மதிப்பீட்டு அலுவலகம். அதன் தலைமை மதிப்பீட்டாளர் திரவியம், நாற்காலியைவிட்டு எழாமலே ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் "நேரில் பார்த்தேன்" என்று கையெழுத்துப் போடும் அபூர்வப் பிறவி.

அவரிடம் வேலை பார்த்த ஜெபசெல்வி ஒரு வீட்டின் மதிப்பைத் தவறுதலாகக் கூட்டி எழுதிவிட்டாள். அந்த அறிக்கையிலும் திரவியம் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டிருந்தார். வங்கி புகார் அனுப்பியது. ஒழுங்கு விசாரணை வைத்தார்கள். முந்தின நாளே அவள் அந்த வீட்டுக்கு மறுபடி போய், தப்பு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டாள். திரவியம் இப்போதும் போகவில்லை.

விசாரணையில் அவர் முழங்கினார்: "அங்குலம் அங்குலமாக நான் பார்த்த வீடு! அப்புறம் இவள்தான் எதையோ மாற்றியிருக்கிறாள். வேலையைவிட்டு அனுப்புங்கள்!"

"தப்பு என்னோடதுதான், மேடம்," என்றாள் ஜெபசெல்வி, விசாரணை அதிகாரியிடம். "சார்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அந்த வீட்டு மாடிப்படி உள்ளேயா சார், வெளியேயா?"

அறிக்கையில் மாடி இருந்தது திரவியத்துக்கு நினைவிருந்தது. "வெளியே! கிழக்குப் பக்கம். மூச்சு வாங்க ஏறினேனே!"

"அந்த வீட்டுக்கு மாடியே கிடையாது, மேடம். பக்கத்து வீட்டு மாடியை இதோடதுன்னு எழுதினதுதான் என் தப்பு," என்று முந்தின நாள் எடுத்த புகைப்படங்களை மேசையில் வைத்தாள்.

அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. திரவியத்தின் கையெழுத்து அதிகாரம் பறிபோனது. பாவம், இல்லாத படியில் ஏறிய மனிதர், இறங்கத்தான் வழி தெரியாமல் நின்றார்.