காவி வேட்டியும் உப்பு நார்த்தங்காயும்

துறவு வாங்கப் போகிறவர்கள் தனியாகப் போவார்கள். பொள்ளாச்சி நாச்சிமுத்து பெண்டாட்டி, மகள், முறுக்குத் தூக்கு, குரங்குக் குல்லா எல்லாம் சேர்த்து ஒரு காரில் போனார்.

பத்ரிநாத்துக்குக் குடும்பத்தோடு ஒரு பயணம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தார். சொல்லாத சங்கதி அவருடைய பைக்குள் அடியில் கிடந்தது. புத்தம் புதுக் காவி வேட்டி. தரிசனம் முடிந்ததும் இவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, குருவோடு மலையிலேயே தங்கிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தார். அதை மனைவி பூங்கொடியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

குருவின் பெயர் அமுதானந்தர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். வெகுகாலமாக இமயமலையில் ஒரு சின்னக் குடிலில் இருக்கிறார். நாச்சிமுத்துவை விடப் பத்து வயதாவது இளையவர். ஒருமுறை அவர் பொள்ளாச்சிக்கு வந்து பேசியபோது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்ட நாச்சிமுத்து, அன்றைக்கே வயதைப் பார்க்காமல் காலில் விழுந்து சிஷ்யரானார்.

ருத்ரப்பிரயாகையில் சாலையோரம் குரு ஒரு துணிப்பையோடு காத்திருந்தார். அங்கிருந்து அவரும் சேர்ந்துகொண்டார். வண்டியை ஓட்டியது மகள் பிரதீபா. அவள் பக்கத்தில் பூங்கொடி. பின்சீட்டில் குருவும் நாச்சிமுத்துவும்.

ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். பள்ளத்தில் அலகநந்தா. வளைவுக்கு மேல் வளைவு. கொஞ்ச தூரத்திலேயே குருவின் முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, சித்த ஓரமா நிறுத்தினா தேவலை,” என்றார்.

நிறுத்தினாள். குரு இறங்கி ஓடிப் போய்க் குனிந்தார். நாச்சிமுத்துவுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

“ஏனுங் சாமி, உங்களுக்கேவா? வருசக்கணக்கா மலையில இருக்கறீங்களே!”

“மலையிலதான் இருக்கேன். கார்ல இல்லையே,” என்றார் குரு, வாயைத் துடைத்துக்கொண்டு.

பூங்கொடி ஒரு டப்பாவைத் திறந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த உப்பு நார்த்தங்காய். வெயிலில் காய்ந்து கறுத்துச் சுருண்டிருந்தது.

“இத வாயில அடக்கிக்குங்க. கொமட்டல் நின்னுரும்.”

குரு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உடனே பூங்கொடி இன்னொரு துண்டை எடுத்து நீட்டினாள்.

“இந்தா சாமி, இதத் தின்னு.”

“போதும்மா. ஒண்ணே வாய் நிறைய இருக்கு,” என்றார் குரு.

பூங்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “உங்களச் சொல்லலீங்க சாமி. எம்புள்ளயச் சொன்னேன். எங்க பக்கம் புள்ளைகளச் சாமின்னுதான் கூப்புடுவோம். வா சாமி, போ சாமி, சாப்புடு சாமின்னு.”

“அட! நல்ல ஊரா இருக்கே. அப்பாவும் அப்படித்தானா?”

பிரதீபா கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னாள்: “முன்னெல்லாம் கூப்புடுவாருங்க.”

வண்டி கிளம்பியது.

நடந்தது இதுதான். நாச்சிமுத்துவுக்குத் தென்னை நார் மில் இருந்தது. படித்து முடித்த மகள் கூடமாட வந்து உட்கார்ந்தாள். போன வருடம் ஒரு புது மிஷின் வாங்கலாம் என்றாள். கூடவே கூடாது என்று இவர் குதித்தார். அவள் வாங்கிவிட்டாள். அந்த மிஷின் ஓடாமல் படுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஜம்மென்று ஓடித் தொலைத்தது. அன்றைக்கு நிறுத்தியவர்தான். “ஏம்மா” என்பார், “இங்க பாரு” என்பார். சாமி என்கிற சொல் மட்டும் அவர் வாயில் வரவே இல்லை.

அடுத்த ஊற்றடியில் தண்ணீர் பிடிக்க வண்டி நின்றது. பெண்கள் இரண்டு பேரும் பாட்டிலோடு போனார்கள். சுவர்க்கட்டில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்து நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார்.

“சாமி, ஒண்ணு கேக்கோணுமுங்.”

“கேளுங்க.”

“தரிசனம் முடிஞ்சு நான் ஊருக்குத் திரும்பலீங். உங்ககூடவே இருந்துக்கறேன். வேட்டிகூட வாங்கியாந்துட்டனுங். எனக்குப் பத்து உட்டுப்போச்சு. நீங்க காவி குடுப்பீங்களா?”

“வீட்டுல தெரியுமா?”

“இன்னும் சொல்லலீங்.”

“பற்று எப்ப விட்டுது?”

“வருசமாச்சுங்.”

“விட்டுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

நாச்சிமுத்து பள்ளத்தைப் பார்த்தார். “மில்லுக்கு ஏவாரிக வர்றாங்க. நாந்தான் எதுக்க நிக்கறேன். என்னயப் பாத்துட்டு, ‘அம்மிணி இல்லீங்களா’ன்னு எம்புள்ளயக் கேக்கறாங்க. நான் ஆரம்பிச்ச மில்லுங் அது. வீட்டுலயும் அப்படித்தான். காருல பின்னால பாக்கக் கேமரா, செல்லுல வழி. என்னய ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல. போன வருசத்துக் காலண்டராட்ட ஆணியில தொங்கிக்கிட்டிருக்கறேன்.”

“அப்பத்தான் விட்டுதா?”

“அப்பத்தானுங்.”

குரு நார்த்தங்காயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார்.

“மேல போய்ப் பதில் சொல்றேன்,” என்றார்.

நாச்சிமுத்து வண்டியில் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டில் அம்மாவும் மகளும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். இனி நான் இல்லாவிட்டாலும் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்தார். நினைத்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. பற்று விட்டவருக்கு எதற்குச் சுருக்கென்கிறது என்று அவரும் கேட்டுக்கொள்ளவில்லை, நாமும் கேட்க வேண்டாம்.

பாதி வழியில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மலைச்சரிவு. மண்ணும் பாறையும் இறங்கிச் சாலையை மூடிவிட்டன. மண் அள்ளும் எந்திரம் ஒன்று முட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் இறங்கி நின்றார்கள். பூங்கொடி பிளாஸ்கைத் திறந்து நாச்சிமுத்துவுக்குக் காபி ஊற்றினாள்.

“எவ்வளவு நேரமாகும்னு கேட்டுட்டு வர்றேன்,” என்று பிரதீபா முன்னால் நடந்தாள். வயிறு சரியாகட்டும் என்று குருவும் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே மெதுவாக நடந்தார்.

நாச்சிமுத்து காபியை ஊதிக்கொண்டே நிமிர்ந்தார். பிரதீபா நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, சரிவில், பொடி மண் சலசலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு கல் அசைந்தது.

“சாமீ!”

அந்தப் பள்ளத்தாக்கே அதிர்ந்தது. குருவும் திரும்பினார், பிரதீபாவும் திரும்பினாள்.

காபி எங்கே போனது, செருப்பு எங்கே போனது என்று தெரியாது. நாச்சிமுத்து ஓடினார். வழியில் நின்ற குருவை ஒரு கையால் இந்தப் பக்கம் தள்ளினார். மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். ஆட்டுக்கல் பருமனில் ஒரு பாறை அவள் நின்ற இடத்தில் வந்து விழுந்து, ஒரு குதி குதித்து, ஆற்றுக்குள் போய்விட்டது.

காரை ஒட்டி வந்துதான் நின்றார். பிடித்த கையை விடவில்லை.

“அப்பா, என்னையவா கூப்புட்டீங்க?”

“பின்ன வேற யாரக் கூப்புடுவாங்க? கிறுக்குப் புள்ள! மல இடிஞ்சு உழுகுது, அங்க போயி அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்கற! உனக்கு ஒண்ணு ஆயிருந்தா நான்...”

தேம்பிவிட்டார். பிரதீபாவும் அழுதாள். பூங்கொடி இரண்டு பேர் முதுகையும் மாறி மாறித் தடவினாள்.

கொஞ்சம் மூச்சு வந்த பிறகுதான் நாச்சிமுத்துவுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். குரு சேற்றுக் குட்டையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். தாடியெல்லாம் சேறு.

“அய்யய்யோ, சாமி!”

குரு அங்கிருந்தே கேட்டார்: “இந்தத் தடவை என்னைத்தானே?”

நாச்சிமுத்து ஓடிப் போய்த் தூக்கிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பாவி நான், குருவப் புடிச்சுத் தள்ளிப்போட்டனே!”

“நல்ல வேளை தள்ளினீங்க. எனக்கு ஓட வராது. மாத்துத்துணிதான் இல்லை. என் பையும் நனைஞ்சு போச்சு.”

பூங்கொடி காருக்குள் குனிந்தாள். தேடவில்லை, துழாவவில்லை. நேராக நாச்சிமுத்துவின் பைக்குள் கையை விட்டு அடியிலிருந்து அந்தக் காவி வேட்டியை எடுத்தாள். மடிப்பைப் பிரித்து உள்ளே இருந்த ஒன்றைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, வேட்டியைக் குருவிடம் கொடுத்தாள்.

“இதக் கட்டிக்குங்க சாமி. புதுசுதானுங்.”

குரு வாங்கிக்கொண்டு ஒரு லாரிக்குப் பின்னால் போனார்.

நாச்சிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. பூங்கொடியின் கையில் இருந்தது அவருடைய ஸ்வெட்டர். அவர் அதைக் கொண்டுவரவில்லை. துறவிக்குத் தேவைப்படாது என்று வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“இது எப்புடி அதுக்குள்ள...”

“நாந்தான் வெச்சேன். காவியப் பாத்ததும் இங்கயே இருக்கப் போறீங்கன்னு தெரிஞ்சுது. குளுருமல்ல?”

“தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்.” “சொல்லாமயே இருந்துக்குவீங்களோன்னு வழியெல்லாம் பயந்துக்கிட்டு வந்தேன்.”

அவர் ஸ்வெட்டரை வாங்கிப் போட்டுக்கொண்டார். தலையை நுழைத்து வெளியே எடுக்க ரொம்ப நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான்.

குரு புது வேட்டியில் வந்தார். “அளவெடுத்து வாங்கின மாதிரி இருக்கு,” என்றார்.

அதற்குள் முன்னால் விசில் சத்தம். எந்திரம் திரும்ப இடம் வேண்டுமாம், வண்டிகளையெல்லாம் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். பிரதீபா ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அப்பா, கேமராவெல்லாம் சேறு. பின்னால ஒண்ணுமே தெரியல. நீங்க பாத்துச் சொன்னாத்தான் எடுக்க முடியும்.”

நாச்சிமுத்து காருக்குப் பின்னால் போனார். குனிந்து கேமராவைப் பார்த்தார். அதில் ஒரு பொட்டுச் சேறு இல்லை. பளிச்சென்று இருந்தது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அப்புறம் பள்ளத்தின் பக்கமாகப் போய், வண்டிக்கும் பள்ளத்துக்கும் நடுவில் காலை ஊன்றிக்கொண்டு, கையைத் தூக்கினார்.

“வா... வா சாமி... வலது பக்கம் ஒடிச்சு வா. பயப்படாத, நான் நிக்கறேன். வா, வா, இன்னுங் கொஞ்சம்... நில்லு!”

டிக்கியில் தட்டினார். வண்டி சொன்ன இடத்தில் நின்றது.

மதியத்துக்கு மேல் பாதை திறந்தது. முன்னால் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக நகர ஆரம்பித்தன. எதிரே தூரத்தில் பனிமுடி ஒன்று மேகத்தை விலக்கிக்கொண்டு தெரிந்தது. நாச்சிமுத்து வந்து பார்த்தபோது பூங்கொடி பின்சீட்டில் குருவுக்குப் பக்கத்தில் நார்த்தங்காய் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டு காலியாக இருந்தது.

“ஏறுங்கப்பா. மேல இன்னும் வளைவு நெறைய இருக்குதாம். பக்கத்துல இருந்து பாத்துச் சொல்லுங்க,” என்றாள் பிரதீபா.

நாச்சிமுத்து கதவைத் திறந்தார். ஏறவில்லை. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. பின்சீட்டு ஜன்னல் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“சாமி, நான் கேட்டதுக்கு மேல போயிப் பதில் சொல்றேன்னீங்களே. வீட்டுக்குப் போறதா, இங்கயே இருக்கறதா?”

குரு பூங்கொடியின் டப்பாவிலிருந்து ஒரு துண்டு நார்த்தங்காயை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, ஸ்டீரிங்கில் கை வைத்துக் காத்திருந்த பிரதீபாவைப் பார்த்தார்.

“எந்தச் சாமியைக் கேக்கறீங்க?” என்றார்.